லட்சுமிகாந்தன் கொலை வழக்கு: விடுதலை ஆன கதையை மட்டும் ஏன் யாரும் சொல்வதில்லை?

கேட்டவர்: குளித்தலைக்காரி

எங்கள் தாத்தா இந்த வழக்கைச் சொல்லத் தொடங்கினால் முதலில் இரண்டு கையையும் நீட்டுவார். ஒரு கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மிச்சம் ஒன்பதையும் விரிப்பார். "ஜூரியில ஒன்பது பேரு. ஆறு பேரு குத்தவாளின்னான்." ஆறு விரல் மடங்கும். மிச்சமிருக்கும் மூன்றையும் எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டுவார். "இந்த மூணு பேரு இல்லேன்னான். இவங்கதாண்டி மனுசங்க!"

ஜூரி என்றால் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல அன்று கோர்ட்டில் உட்காரவைத்த பொது ஆட்கள். ஹைகோர்ட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர் போலச் சொல்வார். வளர்ந்த பிறகு ஒருநாள் கணக்குப் போட்டேன். தீர்ப்பு வந்தது 1945 மே மாதம். தாத்தாவுக்கு அப்போது பதினொரு வயது. சென்னையையே கல்யாணம் ஆன பிறகுதான் பார்த்திருக்கிறார். ஊர்ச் சவரக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பாராம். வாசலில் நின்று கேட்ட பையன்களில் இவரும் ஒருவர். அவ்வளவுதான். அதை வைத்து எழுபது வருடம் சொன்னார்.

தாத்தா சொல்லி முடித்ததும் பாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்பார். "அந்த லட்சுமிகாந்தன் வூட்ல யாரு இருந்தா?" தாத்தாவிடம் அதற்குப் பதில் இருந்ததே இல்லை. எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். பதினான்கு வயது. போன வாரம் ஒரு வீடியோவைக் காட்டினாள். தலைப்பிலேயே அந்தக் காலத்துப் பாட்டு நடிகர் தியாகராஜ பாகவதரைக் கொலைகாரர் ஆக்கியிருக்கிறார்கள். பத்து நிமிட வீடியோவில் 1947இல் அவர் விடுதலையான செய்தி கடைசியில் ஒரே ஒரு வரி, அதுவும் பின்னணி இசைக்கு அடியில். "கொள்ளுத்தாத்தா பொய் சொன்னாராம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

தெரியாதவர்களுக்கு: 1944 நவம்பர் 8. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகைக்காரர் சி.என். லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் அதிகாலை பொது மருத்துவமனையில் இறந்தார். சில வாரங்களில் பாகவதர், சிரிப்பு நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், கோவை டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு, இன்னும் சிலர் கைதானார்கள். நாயுடு விடுதலை. மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. 1947 ஏப்ரலில் அவர்களும் விடுதலை.

என் கேள்வி இதுதான். கோர்ட் விட்டுவிட்டது. எண்பது வருடம் ஓடிவிட்டது. சம்பந்தப்பட்ட யாரும் உயிரோடு இல்லை. நாம் மட்டும் ஏன் விட மாட்டேன் என்கிறோம்? விடாமல் சொல்கிறவர்களும் ஏன் கைதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள்?

*

பதில் 1: செஷன்ஸ் வக்கீல்

அம்மா, உங்கள் தாத்தாவின் விரல் கணக்கு சரி. நீதிபதி மாக்கெட் முன்னால் நடந்த விசாரணை. 1945 மே 3 அன்று ஆறுக்கு மூன்று என்று ஜூரி பிரிந்தது. ஒன்பதில் ஆறு பேர் ஒத்துச் சொல்லி, நீதிபதியும் அதை ஏற்றால் போதும் என்பது அன்றைய சட்டம்.

முப்பது வருடம் செஷன்ஸ் கோர்ட்டில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஜூரி காரணம் எழுதாது. ஒரு நீதிபதி தண்டித்தால் எந்தச் சாட்சியை நம்பினேன், எதை ஒதுக்கினேன், ஏன் என்று பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதை எடுத்துவைத்துக்கொண்டு நாம் சண்டை போடலாம். ஜூரி அறைக்குள் போகும், வரும், 'குற்றவாளி' என்று ஒரு சொல் சொல்லும். அந்த ஆறு பேர் எதை நம்பினார்கள், மூன்று பேர் எதை நம்பவில்லை என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. இந்த வழக்கில் ஊர் வாய் இவ்வளவு காலம் ஓயாததற்கு அதுதான் முதல் காரணம் என்பது என் எண்ணம். ஆவணம் இல்லாத இடத்தில் அவரவர் தாத்தா புகுந்துகொண்டார்.

இரண்டாவது, பாகவதரும் கிருஷ்ணனும் கத்தி எடுத்தார்கள் என்று அரசுத் தரப்பே சொல்லவில்லை. சதி செய்தார்கள், பின்னால் இருந்து ஏவினார்கள் என்பதுதான் வழக்கு. சதிக்குக் கண்ணால் கண்ட சாட்சி எங்கே கிடைக்கும்? உடன் இருந்தவனே வாயைத் திறந்தால்தான் உண்டு. அப்படி அப்ரூவர் ஆனவர் ஜெயானந்தன். அப்ரூவர் பேச்சை நம்பித் தண்டிப்பது சட்டவிரோதம் இல்லை என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு சொன்னது. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவோ, முக்கியமான விஷயங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் கூட்டுக் குற்றவாளியை நம்பத் தகாதவன் என்று கொள்ளலாம் என்றது. தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள அடுத்தவன் கழுத்தைக் காட்டுகிறவன் இல்லையா? என் ஜூனியர்களுக்கு இந்த இரண்டு பிரிவையும் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் இந்த வழக்கைத்தான் உதாரணம் காட்டுவேன்.

ஹைகோர்ட் அப்பீல் தள்ளுபடி. பிறகு அன்று நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில். அங்கிருந்து மறுபடி விசாரிக்கச் சொல்லி சென்னைக்கே திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் விடுதலை. பிரிவி கவுன்சிலில் தப்பித்தார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. விட்டது நம் ஹைகோர்ட்தான், சாட்சியங்களை மறுபடி பார்த்து.

இன்னொன்று, அம்மா. தண்டனையின் பெயர் ஆயுள் தீவாந்தரம். அந்த மே மாதம் அந்தமான் ஜப்பான்காரன் கையில் இருந்தது. அனுப்ப முடியாத தீவுக்கு அனுப்பச் சொன்ன தீர்ப்பு. இங்கேயே ஜெயிலில் இருந்தார்கள்.

*

பதில் 2: பிராட்வே பக்கம்

என் அப்பா சின்ன வயதில் சென்னை பிராட்வே தியேட்டர் வாசலில் சோடா விற்றவர். பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு அங்கே வந்தது. அடுத்த தீபாவளி போனது, அதற்கடுத்த தீபாவளியும் வந்தது, படம் மாறவில்லை. அப்பா சோடா விற்கத் தொடங்கியபோது பாகவதர் நாட்டின் ராஜா. சில வாரத்தில் கைதி. அடுத்த வருடம் ஆயுள் கைதி. போஸ்டரில் மட்டும் அதே சிரிப்பு.

அப்பா சொன்னதில் என் மனதை விட்டுப் போகாதது ஒன்று. படம் விட்டு வெளியே வருகிற பெண்கள் போஸ்டருக்குக் கீழே ஒரு நிமிடம் நிற்பார்களாம். கோயிலில் நிற்பது போல. சிலர் கண்ணைத் துடைப்பார்கள். "படத்துல அழுதாங்களா, ஜெயிலுக்கு அழுதாங்களான்னு எனக்கு அப்ப வெளங்கல" என்பார்.

யுத்த காலம் என்பதையும் மறக்கக் கூடாது. கச்சா பிலிம் தட்டுப்பாடு, ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு, புதுப்படங்களே குறைவு. ஆகவே ஓடுகிற படம் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்காக அந்தக் கூட்டத்தைப் பிலிம் தட்டுப்பாட்டின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. உள்ளே இருக்கிற மனிதரைப் பார்க்க வேறு வழி இல்லை, வெள்ளித்திரை ஒன்றுதான் வழி.

*

பதில் 3: அச்சுக்கோர்ப்பவர் மகன்

குளித்தலை அக்கா, உங்கள் பாட்டியின் கேள்விதான் எனக்குப் பெரியது. இந்த வழக்கைப் பேசும் யாரும் செத்தவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் பேசுவதில்லை. 'மஞ்சள் பத்திரிகைக்காரர்', முடிந்தது. பெயர் வழக்குக்குப் போய்விட்டது, ஆள் மறைந்துவிட்டார்.

அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. போர்ஜரி வழக்கில் உள்ளே போய் வந்தவர். 1943இல் 'சினிமா தூது' தொடங்கினார். நடிகர் நடிகைகளின் படுக்கையறை வரை எழுதினார். பணம் கொடுத்தவர் பெயரை விட்டுவிடுவார் என்ற பேச்சும் இருந்தது. பாகவதர், கிருஷ்ணன், நாயுடு மூவரும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள், பத்திரிகையின் லைசென்ஸ் ரத்தானது. அவர் அடங்கவில்லை. 'இந்து நேசன்' என்ற பெயரில் அதே வேலையைத் தொடர்ந்தார். அந்த மனுவே பின்னால் மூவருக்கும் எதிராகத் திரும்பியது. பகை இருந்தது என்று காட்ட வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்தப் பத்திரிகையை யார் வாங்கினார்கள்? என் அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். அந்தக் காலத்து ஆட்கள் சொல்லி அவர் கேட்டது: வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், நியூஸ் பேப்பருக்குள் மடித்து வைத்துப் படிப்பார்கள். திட்டிக்கொண்டே படித்தார்கள், வாரம் தவறாமல். அவர்களே பாகவதர் கைதானதும் மாரில் அடித்துக்கொண்டவர்கள். உங்கள் மகள் பார்த்த வீடியோவும் அதே சரக்குதான். எழுதுகிறவனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குத்துப்பட்ட பிறகு அந்த மனிதர் தானே நடந்து ஒரு வக்கீல் நண்பர் வீட்டுக்குப் போயிருக்கிறார். பிறகுதான் ஆஸ்பத்திரி. நடந்து போனவர், பேசியவர், விடிவதற்குள் இல்லை. அந்தக் கடைசி நேரத்தை யாராவது ஒழுங்காக எழுதியிருந்தால் பாட்டிக்குப் பதில் கிடைத்திருக்கும்.

*

பதில் 4: மதுரம் ரசிகை

எல்லோரும் பாகவதரையே பேசுகிறீர்கள். நாகர்கோவில்காரி, நான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனைப் பற்றிச் சொல்லாமல் போக மாட்டேன்.

ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே நாளில் விடுதலை. ஒருவர் மீண்டார், ஒருவர் மீளவில்லை. கலைவாணர் உள்ளே இருந்தபோது அவர் மனைவி டி.ஏ. மதுரம் அம்மா வழக்குக்கு அலைந்தார். எஸ்.வி. சகஸ்ரநாமம் நாடக சபாவைக் கலையாமல் தாங்கினார். வெளியே வந்தவருக்குத் திரும்பிப் போக ஒரு மேடை இருந்தது, ஒரு கூட்டம் இருந்தது. 1949இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி', 1952இல் அவரே இயக்கிய 'பணம்'. ஜெயிலைப் பற்றி மேடையிலேயே பேசிச் சிரிக்கவைக்கக்கூடியவர். ஜனங்கள் வாய்விட்டுச் சிரித்த பிறகு அவரிடம் என்ன ரகசியம் மிச்சமிருக்கும்? 1957இல் போகும்வரை அவர் கலைவாணர்தான், யாரும் அவரைக் கொலை வழக்குக் கிருஷ்ணன் என்று சொல்லவில்லை.

பாகவதருக்கு அந்த வசதி இல்லை. அவர் சினிமாவில் தெய்வபக்தியும் காதலும் பாடுகிற உருவம். கைதி உடுப்பு போட்ட பிறகு அந்த உருவத்தை மறுபடி போட்டுக்கொள்வது கஷ்டம். 1948இல் சொந்தப் படம் 'ராஜமுக்தி' ஓடவில்லை. அதன் பிறகு வந்தவையும் நிற்கவில்லை. வழக்கு மட்டுமே அவரைச் சாய்த்தது என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், வசனத்துக்காகப் பார்க்கும் காலம் வந்துவிட்டது. அவர் உள்ளே இருந்த இரண்டு சொச்சம் வருடத்தில் சினிமா கை மாறிவிட்டது.

பாகவதர் 1959 நவம்பர் 1 அன்று இறந்தது சென்னை பொது மருத்துவமனையில். லட்சுமிகாந்தன் கண்மூடிய அதே ஆஸ்பத்திரி, நடுவில் பதினைந்து வருடம். இதை முதலில் கவனித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

பதில் 5: குளித்தலைக்காரி (கேட்டவர்)

எல்லாருக்கும் கும்பிடு. வக்கீல் ஐயா, ஜூரி காரணம் எழுதாது என்று சொன்னீர்களே, அது எனக்குச் சாவி மாதிரி. தாத்தா ஏன் அந்த மூன்று விரலைப் பிடித்துக்கொண்டார் என்று இப்போது புரிகிறது. அந்த மூன்று பேர் என்ன நினைத்தார்கள் என்பதை அவரே தன் வாயால் எழுதிக்கொண்டிருந்தார். எழுபது வருடம்.

அச்சுக்கோர்ப்பவர் மகன் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீடியோவை நான் மூன்று முறை பார்த்தேன். கோபத்தோடுதான் பார்த்தேன், ஆனாலும் மூன்று முறை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அதை மறைக்க விரும்பவில்லை.

நேற்று ராத்திரி மகளுக்கு முழுக் கதையையும் சொன்னேன். தாத்தா சொன்ன வரிசையில் இல்லை. குத்துப்பட்ட ஒருவர் வேப்பேரியில் நடந்து போனதிலிருந்து ஆரம்பித்தேன். லைசென்ஸ், மனு, அப்ரூவர், ஜப்பான்காரன் கையில் இருந்த அந்தமான், பிராட்வேயில் மாறாத போஸ்டர் எல்லாம் சொல்லி, 1947 ஏப்ரலில் இருவரும் வெளியே வந்ததில் நிறுத்தினேன். கொள்ளுத்தாத்தா பொய் சொல்லவில்லை, பார்க்காததைப் பார்த்தது போலச் சொன்னார், அவ்வளவுதான் என்றேன். அவளும் ஒன்பது விரலை விரித்தாள், ஆறை மடக்கினாள். தாத்தாவைப் போலவே அந்த மூன்று விரலை ஆட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மடக்கியவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க விடுதலைன்னு பேப்பர்ல வந்திருக்கும்ல? அன்னிக்கு இந்த ஆறு பேரும் அதைப் படிச்சிருப்பாங்கல்ல?"

அந்த ஆறு பேரைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் இதுவரை நினைத்ததே இல்லை.