சர்ஃபிங்குக்கு எந்த இயர்பிளக்?

கேள்வி: பெங்களூருவிலிருந்து மாதம் ஒருமுறை மங்களூர் பக்கத்துக் கடலோர ஊரான முல்கிக்கு சர்ஃபிங் போகிறேன். நுரை இயர்பிளக் போதுமா? பயிற்சியாளர் சொல்வதும் கேட்கணும்.

பதில் 1: நுரை வேண்டாங்க. அது சத்தத்தைத் தடுக்கத்தான். தண்ணீரில் ஊறி, ஈரத்தைக் காதுக்குள்ளேயே பிடித்து வைக்கும். நடுவில் துளையும் மெல்லிய சவ்வும் உள்ள சிலிக்கான் பிளக் பாருங்க: பேச்சு கேட்கும், தண்ணீர் பெரும்பாலும் வராது. கயிறு கட்டாயம், அலையில் கழன்றால் கிடைக்காது. காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகுங்க. தாடையை அசைக்கும்போது நழுவினால் ஒரு அளவு பெரியதாக வாங்குங்க.

பதில் 2: சர்ஃபிங் போனால் காதுக்குள் எலும்பு வளரும் என்று சிலர் பயப்படுவாங்க. அது குளிர்நீரும் காற்றும் செய்யும் வேலை. நம் கடல் வெதுவெதுப்பு. இங்கே கவலை தொற்றுதான். கரையேறியதும் தலையைச் சாய்த்து வடியவிடுங்க, பட்ஸ் கூடவே கூடாது.

பதில் 3: செவிப்பறையில் ஓட்டை இருந்தால் முதலில் ஈஎன்டி டாக்டர். பிளக்கோடு ஆழத்தில் மூழ்காதீங்க, அழுத்தம் செவிப்பறையைக் காயப்படுத்தும்.