நிக்கான் இசட்எஃப் வாங்கியிருக்கிறேன்: பூ மார்க்கெட்டும் கல்யாண மேடையும், சில சந்தேகங்கள்

அல்சூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். வார இறுதியில் கல்யாணம், வளைகாப்பு என்று படம் எடுப்பது தொழில். மற்ற நாட்களில் விடிவதற்கு முன் சிட்டி மார்க்கெட் பூக்கடைகளுக்குப் போய் எனக்காக எடுப்பேன். இத்தனை வருஷமும் நிக்கான் டி750 கேமராதான். இப்போது இசட்எஃப் வாங்கியிருக்கிறேன், கூடவே 40 எம்எம் எஃப்/2 லென்ஸ். மனதில் பட்டதை முதலில் எழுதிவிடுகிறேன், கேள்விகள் கடைசியில்.

பார்த்ததுமே பிடித்துப்போகிற கேமரா. 1982இல் வந்த எஃப்எம்2 ஃபிலிம் கேமராவின் சாயலில் செய்திருக்கிறார்கள். மேலே இருக்கிற ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்), ஷட்டர் வேகம், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) சக்கரங்கள் பித்தளை, திருப்பினால் ஒவ்வொரு படியும் அழுத்தமாக விழுகிறது. ஆன் செய்யாமலே மேலே ஒரு பார்வை பார்த்தால் எல்லாம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். பேட்டரி, கார்டோடு 710 கிராம். டி750 பேட்டரியோடு 840 வரும். ஆனால் கைக்குச் சுகம் எடையை மட்டும் பொறுத்தது இல்லையே. டி750இல் விரல்கள் போய் உட்கார நல்ல பிடி உண்டு, இதில் முன்பக்கம் மெல்லிய ஒரு மேடு, அவ்வளவுதான். 40 எம்எம்முக்கு அது போதும். நண்பருடைய 24-70 எஃப்/2.8ஐ மாட்டிக்கொண்டு ஒரு ரிசப்ஷன் முழுக்க நின்றதில் மணிக்கட்டு விண்ணென்று வலித்தது.

மார்க்கெட்டில்தான் அசந்துபோனேன். அங்கே அந்த நேரத்து வெளிச்சம் என்பது குவியலுக்கு ஒரு பல்பு, மேலே நீலத் தார்ப்பாய், நடுவில் தலையில் மூட்டையோடு "வழி, வழி" என்று ஓடுகிற ஆட்கள். செவ்வந்தி மூட்டைகளுக்கு இடையில் ஒருவர் செல்போன் வெளிச்சத்தில் சிட்டை எழுதிக்கொண்டிருந்தார், பாதி முகத்தில்தான் வெளிச்சம், இமை வேறு தாழ்ந்திருக்கிறது. டி750 அந்த மாதிரி இடத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். இது கண்ணில் ஒரு சின்னப் பெட்டியைப் போட்டது, அவர் தலையைத் திருப்பியபோதும் விடவில்லை. எஃப்/1.2 லென்ஸ் இருந்தால் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிகம் திறக்கும்) மைனஸ் 10 இவி (இவி என்பது வெளிச்சத்தின் அளவு) இருட்டு வரை ஃபோகஸ் ஆகும் என்று நிக்கான் சொல்கிறது. என்னிடம் இருப்பது எஃப்/2, அதற்கே இப்படி. கை நடுக்கத்தைத் தாங்குவதும் அப்படித்தான். பத்தில் ஒரு பங்கு வினாடியில் கையில் பிடித்தே எடுத்த படத்தில், கனகாம்பரம் கட்டுகிற அம்மாவின் மூக்குத்தி வரை கூர்மையாக இருக்கிறது, வாழைநாரை இழுக்கிற விரல்கள் மட்டும் கலைந்திருக்கின்றன. எனக்கு வேண்டியது அதுதான்.

ஷட்டர் சக்கரத்துக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கிறது: போட்டோ, வீடியோ, கருப்பு வெள்ளை. ஒரு தள்ளு தள்ளினால் வியூஃபைண்டரே கருப்பு வெள்ளையாகிவிடுகிறது. மெனுவில் தேடி மாற்றுவதற்கும் இதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நிறம் கண்ணை விட்டுப் போனதும் தார்ப்பாய் ஓட்டை வழியாக விழுகிற வெளிச்சம் எங்கே போய் நிற்கிறது என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது.

சரி, இப்போது கேள்விகள். ஒன்று, செவ்வந்திக் குவியல் படத்தில் ஒரே ஆரஞ்சுக் கட்டியாக வருகிறது, இதழே தெரியவில்லை, ஹிஸ்டோகிராமோ (படத்தில் வெளிச்சம் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டு, மண்டபத்தில் ஷட்டர் சத்தமே வராத சைலன்ட் மோடில் எடுத்தால் மேடை விளக்கில் குறுக்குக் கோடுகள் விழுகின்றன. மூன்று, என்னிடம் பழைய 50 எம்எம் எஃப்/1.8டி இருக்கிறது, பழைய லென்ஸை இதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வாங்கினால் ஆட்டோஃபோகஸ் ஆகுமா? கடைசியாக, டி750ஐ விற்றுவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மண்டபத்துக்காரர்:

தம்பி, புதுக் கேமராவுக்கு வாழ்த்துகள். கோடு விழுவதை மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

சைலன்ட் மோடில் ஷட்டர் திரை ஏறி இறங்குவது கிடையாது, சென்சார் வரி வரியாகப் படிக்கிறது. இசட்எஃப் சென்சார் அதை மெதுவாகத்தான் படிக்கும், வேகமாகப் படிக்கிற ஸ்டாக்டு வகைச் சென்சார் இல்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு வினாடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. சென்சார் மேலிருந்து கீழே வருவதற்குள் விளக்கு சில தடவை மங்கித் தெளிந்துவிட்டால், மங்கிய நேரத்தில் படித்த வரியெல்லாம் இருட்டுக் கோடு. முதல் வேலையாக சைலன்ட் மோடை விட்டுவிடு, கெட்டிமேளம் கொட்டுகிற இடத்தில் ஷட்டர் சத்தம் யார் காதில் விழப்போகிறது? மெக்கானிக்கல் ஷட்டரில் 1/50 அல்லது 1/100 வினாடி வை. 1/100 என்றால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கின் ஒரு முழு ஏற்ற இறக்கம் கிடைத்துவிடும், கோடு விழாது.

இங்கேதான் உன் பித்தளைச் சக்கரம் காலை வாரும். அதில் 60 இருக்கிறது, 125 இருக்கிறது; 50ம் இல்லை, 100ம் இல்லை! சக்கரத்தை '1/3 ஸ்டெப்' என்று எழுதியிருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பின்னால் இருக்கிற டயலால் 1/100 வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபத்துக்குள் நுழையும்போதே அதைச் செய்துவிடு.

இன்னும் வேகமாக எடுத்தே ஆக வேண்டும் என்றால் மெனுவில் போட்டோ ஃப்ளிக்கர் ரிடக்ஷன் இருக்கிறது, விளக்கு பிரகாசமாகிற நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும், சைலன்ட் மோடில் அது வேலை செய்யாது. ஆனால் இந்தக் கணக்கெல்லாம் கரண்ட்டோடு சேர்ந்து துடிக்கிற விளக்குக்குத்தான். மேடைக்குப் பின்னால் எல்இடி சுவர் வைக்கிறார்களே, அதன் துடிப்பே வேறு. அதற்கு ஹை-ஃப்ரீக்வென்சி ஃப்ளிக்கர் ரிடக்ஷனைப் போட்டுக்கொண்டு, வியூஃபைண்டரில் கோடு மறைகிற வரை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்து. பெண் மேடைக்கு வருவதற்கு முன்பே அதைப் பார்த்து வைத்துவிட வேண்டும், முகூர்த்த நேரத்தில் மெனுவில் மேய முடியாது.

வண்ணப்பிரியை:

செவ்வந்திக்கு நான் சொல்கிறேன் அண்ணா, எனக்கும் அந்த மார்க்கெட்தான் பள்ளிக்கூடம்.

நீங்கள் பார்க்கிற ஹிஸ்டோகிராம் மொத்த வெளிச்சத்தைக் காட்டுவது. அதில் பச்சைக்குத்தான் பங்கு அதிகம், சிவப்புக்குக் குறைவு. ஆரஞ்சுப் பூவில் சிவப்பு நிரம்பி வழிந்தாலும் மொத்தக் கணக்கு நடுவில் சாதுவாக நின்றுகொண்டிருக்கும். இதழுக்கு இதழ் இருக்கிற வித்தியாசம் சிவப்பில்தானே இருக்கிறது, அது மேலே போய் முட்டிக்கொண்டதும் எல்லாம் ஒரே கட்டி. படத்தைத் திரும்பப் பார்க்கும்போது ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், சிவப்புக் கோடு வலது ஓரத்தில் மோதி நிற்பது கண்ணுக்குத் தெரியும். அதுவும் கேமராவே முடித்துக் கொடுக்கிற ஜேபெக்கை வைத்துப் போடுகிற கணக்குதான், அதனால் பிக்சர் கன்ட்ரோலை (படத்தின் நிறப் பாணி) விவிட், ஸ்டாண்டர்ட் இரண்டிலும் வைக்காமல் நியூட்ரலில் வைத்தால் ஹிஸ்டோகிராம் ராவில் (சென்சார் பதிந்தபடியே இருக்கிற மூலக் கோப்பு) உண்மையாக இருப்பதற்குக் கொஞ்சம் கிட்டே வரும். செவ்வந்தி, குங்குமம், அரக்குச் சிவப்புப் பட்டு இதற்கெல்லாம் காம்பன்சேஷன் சக்கரத்தை மைனஸ் 2/3இல் போட்டுவிட்டு ராவில் எடுங்கள். நிழலை அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம், இந்தச் சென்சார் அதற்கு நன்றாகவே இடம் கொடுக்கும், ஆனால் வழிந்துபோன சிவப்பைத் திரும்ப வரவழைக்க முடியாது.

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஆட்டோ ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்வது) நம்ப வேண்டாம். பூக்காரர்கள் பூவைப் பொதிந்து வைத்திருக்கிற வெள்ளை வேட்டித் துணியைக் கேட்டு வாங்கி அதை வைத்து வெள்ளைக்கான அளவை (பிரீசெட்) எடுத்துக்கொள்வேன். தமிழில் கேட்டால் போதும், அங்கே பாதிப் பேர் நம்மவர்கள்தான்.

கருப்பு வெள்ளையில் ஒரு சேதி. மஞ்சள் செவ்வந்தியும் சம்பங்கியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டும் ஒரே வெளுப்பாக வரும். மோனோக்ரோம் பிக்சர் கன்ட்ரோலுக்குள் ஃபில்டர் எஃபெக்ட் இருக்கிறது. பச்சையில் வைத்தால் ஆரஞ்சுப் பூ கருத்து இறங்கும், சிவப்பில் வைத்தால் அதே பூ பளிச்சென்று மேலே வரும். கனகாம்பரம் சூடின கொண்டையை சிவப்பு ஃபில்டரில் ஒரு தடவை பாருங்கள், கருங்கூந்தலில் விளக்கு வைத்த மாதிரி இருக்கும். ராவும் சேர்த்து எடுத்தால் நிறம் எங்கேயும் போகாது, ஜேபெக் மட்டும் எடுத்தால் போனது போனதுதான்.

இந்திராநகர் தம்பி:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்யாணம்தான் சோறு போடுகிறது என்றால் 2024இல் வந்த இசட்6 III தான் சரியான கேமரா. அதே 24.5 மெகாபிக்சல், ஆனால் பார்ஷியலி ஸ்டாக்டு சென்சார், படிக்கிற வேகம் மிக அதிகம், சைலன்ட் மோடு தொல்லை பெருமளவு குறையும். வியூஃபைண்டர் 57.6 லட்சம் புள்ளி, இசட்எஃப்பில் 36.9 லட்சம். கைப்பிடி உண்டு. எனக்குப் பெரிய விஷயம் கார்டுதான். இசட்எஃப்பில் இரண்டாவது கார்டு மைக்ரோ எஸ்டி, பேட்டரிக் கதவுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. ட்ரைபாடில் இருந்து கழற்றி, வியர்த்த கையோடு அந்த நகத்தளவு கார்டை எடுக்கிற அவஸ்தை கல்யாண வேலையில் கூடாது.

பழைய கண்ணாடி:

இந்திராநகர் தம்பி சொல்வது தொழில் கணக்கில் நியாயம். ஆனால் வாங்கிவிட்டவரிடம் இன்னொன்றை வாங்கு என்றால் அவர் என்ன செய்வார்? மைக்ரோ எஸ்டிக்கு வழி இருக்கிறது. அதை உள்ளேயே நிரந்தரமாக விட்டுவிட்டு ஜேபெக் மட்டும் அதில் விழும்படி வையுங்கள், ரா முழுக்கப் பெரிய எஸ்டியில். மைக்ரோ எஸ்டி துளை யுஎச்எஸ்-1 தான், எஸ்டி அதைவிட வேகமான யுஎச்எஸ்-2. இரண்டிலும் ரா எழுதச் சொன்னால் மெதுவான கார்டுக்காக எல்லாம் காத்துக்கிடக்கும். கைப்பிடிக்கு ஸ்மால்ரிக் கம்பெனி இதற்கென்றே ஒன்று செய்கிறது, கீழே ஓடுகிற தகடும் சேர்ந்தது, கனமான லென்ஸ் போடுகிற அன்றைக்கு மாட்டிக்கொள்ளுங்கள்.

50 எம்எம் எஃப்/1.8டிக்கு வருகிறேன். அந்த லென்ஸில் மோட்டார் இல்லை. டி750க்குள் மோட்டார் இருக்கிறது, அது திருகி ஃபோகஸ் செய்தது. எஃப்டிஇசட், எஃப்டிஇசட் II இரண்டிலும் மோட்டார் கிடையாது, ஆகவே ஆட்டோஃபோகஸ் ஆகாது. எக்ஸ்போஷர், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எல்லாம் வேலை செய்யும். ஆனால் கையால் ஃபோகஸ் செய்வதற்கு இசட்எஃப் மாதிரி சுகமான கேமராவை நான் பார்த்ததில்லை. மேனுவல் ஃபோகஸிலும் இது ஆளைக் கண்டுபிடித்துக் கண்ணில் பெட்டி போடும், பெரிதாக்குகிற பட்டனை அழுத்தினால் நேராக அந்தக் கண்ணுக்கே போய்விடும், அப்புறம் வளையத்தைத் திருப்ப வேண்டியதுதான். பூக்கட்டுகிறவர்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள், அங்கே இது அருமையாக வரும். மேடைக்கு வேண்டாம்.

பேட்டரியும் சொல்லிவிடுகிறேன். சிபா என்கிற கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் சோதனைக் கணக்கில் டி750க்கு 1230 படம், இதற்கு 380. நடைமுறையில் அதைவிட நிறைய வரும் என்றாலும் டி750 ஞாபகத்தில் ஒரே பேட்டரியோடு முகூர்த்தத்துக்குப் போகாதீர்கள். பழைய இஎன்-இஎல்15ஏ பேட்டரி இருந்தால் இதில் போடலாம், ஆனால் கேமராவுக்குள் வைத்து பவர் பேங்கில் சார்ஜ் ஏறுவது 15பி, 15சி இரண்டுக்கும்தான்.

அல்சூர்க்காரன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை மார்க்கெட்டில் வண்ணப்பிரியை சொன்னபடியே செய்தேன். நியூட்ரல், மைனஸ் 2/3, ஆர்ஜிபி. குவியலின் மேலே இருக்கிற பூவில் ஓரம் சுருண்ட இதழ், அதற்குக் கீழே தண்ணீர் தெளித்த ஈரம், எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறது. சிவப்பு ஃபில்டரில் கனகாம்பரமும் பார்த்தேன், நீங்கள் எழுதியதில் ஒரு சொல் கூட மிகை இல்லை.

இந்திராநகர் தம்பி, நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். தொழிலுக்கு மட்டும் என்றால் அதுதான் சரி. ஆனால் நான் விடியற்காலை எழுந்து போவது யாருக்கும் கொடுக்க வேண்டிய ஆல்பத்துக்காக இல்லை, அந்தக் கருப்பு வெள்ளை நெம்புகோலை இனி விட முடியாது. டி750ஐ விற்கவில்லை. 50 எம்எம்மோடு அது மண்டபத்தில் இரண்டாவது கேமராவாக இருக்கட்டும், அடாப்டர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மண்டபத்துக்காரர் அண்ணா, இன்னொன்று கேட்க வேண்டும். தாலி கட்டுகிற நேரத்தில் அட்சதை தூவும்போது ஃபோகஸ் பெண்ணை விட்டு அரிசிக்குத் தாவுமோ என்று பயமாக இருக்கிறது. பெண் குனிந்திருப்பாள், நெற்றிச்சுட்டி வேறு தொங்கும்.

மண்டபத்துக்காரர்:

தாவும், ஆனால் தடுக்கலாம். தொடர்ந்து ஃபோகஸ் செய்கிற ஏஎஃப்-சியில் இருந்துகொண்டு கஸ்டம் செட்டிங்கில் ஃபோகஸ் டிராக்கிங் வித் லாக்-ஆன் என்று இருப்பதை 5 பக்கமாகத் தள்ளி வை, நடுவில் எது குறுக்கே வந்தாலும் சட்டென்று அதன் பின்னால் ஓடாது. ஆள் கண்டறிதலை 'ஆட்டோ'வில் விடாமல் 'பீப்பிள்' என்று வைத்துவிடு. அப்பர்ச்சரை எஃப்/2இல் திறந்து வைக்காதே, எஃப்/4 போ, பெண் குனிந்து சுட்டி கண்ணை மறைத்தாலும் மாப்பிள்ளை கையும் முடிச்சும் முகமும் சேர்ந்து கூர்மையில் இருக்கும். ஐஎஸ்ஓ 3200, 6400 வரை போனாலும் கவலை வேண்டாம், இந்தச் சென்சார் தாங்கும். அரிசி விழுவது அரை நிமிஷம்தான். அதற்கு முன்பே, ஐயர் தாலியை எல்லோரிடமும் ஆசீர்வாதத்துக்குக் காட்டிக்கொண்டு வருகிற நேரத்திலேயே பெண் முகத்தில் ஃபோகஸைப் பிடித்து வைத்துக்கொள், பட்டனில் இருந்து விரலை எடுக்காதே.