செங்கோட்டைப் பக்கம் தச்சு வேலையை நம்பி ஊரிலேயே இருக்கலாமா?

இலஞ்சிப் பையன் கேட்டது:

வயது 24. சிவில் டிப்ளமோ முடித்திருக்கிறேன். அப்பா இலஞ்சியில் தச்சு வேலை செய்கிறார். பள்ளி லீவில் அவரோடு போய் உளி பிடித்துப் பழகியவன் நான். இப்போது கத்தாருக்கு ஷட்டரிங் கார்பெண்டர் விசா வந்திருக்கிறது. அம்மா போகச் சொல்கிறார். அப்பா வாயே திறக்கவில்லை. ஊரில் வீடு கட்டுகிறவர்கள் கதவை ரெடிமேடாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். ஊரை விட்டுப் போகாமல் இந்தத் தொழிலில் குடும்பம் நடத்திய அண்ணாச்சிமார் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள்.

மூலமட்டம் எழுதியது:

தம்பி, எனக்குச் செங்கோட்டை. 60-ஐ நெருங்குகிறேன். அப்பாவிடம் தொழில் கற்றேன். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு கொத்தனாரைச் சேர்த்துக்கொண்டு முழு வீடாகவே எடுத்துக் கட்ட ஆரம்பித்தேன். வெளியூரில் தங்கி வேலை பார்த்தது கிடையாது.

முதலில் பணத்தைச் சொல்லிவிடுகிறேன். கத்தாரில் சம்பளம் மாதாமாதம் வரும். இங்கே அப்படி வராது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் கட்டட வேலை நின்றுவிடும். மார்கழியில் யாரும் வாசல் நிலை வைக்க மாட்டார்கள். தை பிறந்ததும் நாலு வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் வாசலில் வந்து நிற்பார்கள். சும்மா இருக்கிற மாதங்களில் பட்டறையில் கட்டில், ஊஞ்சல் பலகை, அலமாரி என்று செய்து வைப்பேன். கட்டடம், மரவேலை இரண்டும் கையில் இருந்ததால்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடிந்தது. ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் கஷ்டம்தான்.

அப்புறம் ரெடிமேட் கதவு. சித்திரை வெயிலில் மாட்டும்போது கச்சிதமாக உட்காரும். ஆனியில் சாரல் தொடங்கியதும் இழுத்துப் பிடிக்கும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற மாதங்களில் நம் பக்கத்துக் காற்றில் ஈரம் அப்படியே நிற்கும், மரம் அதைக் குடிக்கும். நீளத்தில் ஒன்றும் ஆகாது, அகலத்தில்தான் ஊதும். அதிலும் மரத்தின் வளையத்தை ஒட்டி அறுத்த பலகை, நடு நெஞ்சிலிருந்து வெளிப்பக்கமாக அறுத்த பலகையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அசையும். அதனால் கதவுச் சட்டத்தில் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்துப் பலகையைச் சொருகும்போது பசை தொடக்கூடாது. பலகை ஊதிச் சுருங்க உள்ளே இடம் வேண்டும். சித்திரையில் மாட்டும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் போய்வரும் அளவு சந்து விடுவேன். ஆடியில் மாட்டினால் அவ்வளவு தேவையில்லை. கதவு செய்து லாரியில் ஏற்றி அனுப்புகிறவர் நம் சாரலைப் பார்த்ததில்லை. நீ பிறந்ததிலிருந்து அதில் நனைகிறாய். உனக்கு வேலை எங்கே இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது.

மரத்தையும் படிக்க வேண்டும். 1904-லேயே கொல்லத்திலிருந்து ரயில் செங்கோட்டைக்கு வந்துவிட்டது. 1956 நவம்பர் வரை ஊரே திருவிதாங்கூர்–கொச்சியோடுதான் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து மரமும் கூரை ஓடுகளும் சுலபமாக வந்து இறங்கியதால்தான் இங்கே இத்தனை அறுவை மில் என்று அப்பா சொல்வார். பழைய வீடுகளில் அயனி மரமும் பலாவும் இன்றும் கிண்ணென்று இருக்கின்றன. பர்மாத் தேக்கு கேட்கிறவர்களிடம் நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன்: 2014 ஏப்ரலோடு மியான்மர் உருட்டு மரம் ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது கடையில் இருப்பதில் நிறைய, தோட்டத்தில் வளர்த்துச் சின்ன வயதில் வெட்டிய தேக்கு. அதில் வெள்ளைப் பகுதி அதிகம். அதுதான் முதலில் உளுக்கும். சேகு, அதாவது உள்ளே இருக்கும் வைரம், பார்த்து எடுக்கத் தெரிந்தவனுக்கு ஊரில் மரியாதை உண்டு.

உன் டிப்ளமோவும் வீண் இல்லை. 7 அடி உயரம், மூன்றரை அடி அகலத்தில் ஒரு நிலை, கட்டை 5-க்கு 3 அங்குலம். நாலு பக்கமும் சேர்த்து 21 அடி நீளம், ஏறக்குறைய 2.2 கன அடி மரம். சேதாரம் தனி. இதை வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து தாளில் எழுதிக் காட்டு. பேரமே பாதியாகக் குறையும்.

போன வருஷம் மேலகரத்தில் ஒரு பழைய வீடு. கான்க்ரீட் போட்டுவிடலாம் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கூரையில் ஏறி ஓடுகளை நகர்த்திப் பார்த்தால், ஓட்டைத் தாங்கும் ஒவ்வொரு கைமரத்திலும் உளியால் வெட்டிய குறிகள். என் அப்பா போட்ட வரிசை எண்கள் அவை! சுவருக்குள் புதைந்த நுனிகள் மட்டும் இற்றுப்போயிருந்தன. எப்போதும் அந்த இடம்தான் முதலில் போகும், காற்று படாது. நுனிகளை வெட்டி, அதே வயதுப் பழைய மரத்தில் ஒட்டுப் போட்டு, அந்தக் குறிகளை வைத்தே வரிசை மாறாமல் மறுபடி ஏற்றினோம். கட்டிய ஆளின் பேரன் வீட்டுக்குச் சொந்தக்காரர், கட்டிய ஆசாரியின் மகன் நான். அந்த வேலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் பெரியது. இந்த ஊரில் வேலை அரைகுறையாக இருந்தால் டீக்கடையிலேயே நிறுத்திக் கேட்பார்கள். அந்தப் பயம்தான் என் கையைச் சுத்தமாக வைத்திருக்கிறது.

தோஹா ரிட்டர்ன் எழுதியது:

நானும் அதே விசாவில் போனவன். ஷட்டரிங் என்றால் கான்க்ரீட்டுக்குப் பலகை அச்சு அடிப்பது, இறுகியதும் பிரிப்பது. அங்கே இருந்தவரை இழைப்புளியைத் தொடவே இல்லை. தங்கச்சி கல்யாணம் அந்தப் பணத்தில்தான் நடந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தச்சு கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்து மட்டும் போகாதீர்கள். போவதாக இருந்தால் பினிஷிங் கார்பெண்டர் வேலையாகக் கேளுங்கள். ஏஜெண்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பண்பொழி அக்கா எழுதியது:

தம்பி, எந்த முடிவு எடுத்தாலும் அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். தச்சர்களும் அதில் சேரலாம், 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் அதில் மானியமும் கிடைக்கிறது. அதற்கு 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் அப்பா பெயரில்தான் கேட்க முடியும். எங்கள் ஊரில் நல்ல ஆசாரிக்கு இரண்டு மாதம் காத்திருக்கிறோம். வேலை இல்லாமல் இல்லை.

இலஞ்சிப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கைமரக் குறியை இப்போது யார் போடுகிறார்கள்" என்று மட்டும் கேட்டார். அண்ணாச்சி, ஊரில் இருப்பதாக முடிவு செய்தால் முதலில் என்ன மெஷின் வாங்க வேண்டும்?

மூலமட்டம் எழுதியது:

கடன் வாங்கி மெஷின் எதுவும் வாங்காதே. கையில் பிடிக்கிற பிளேனர் ஒன்று, வட்ட வாள் ஒன்று போதும். கனமான இழைப்பெல்லாம் அறுவை மில்லிலேயே கூலி கொடுத்து முடித்துக்கொள்ளலாம். ஆவணி முகூர்த்தத்துக்கு எனக்கு ஒரு வீட்டில் நிலையும் எட்டு ஜன்னலும் இருக்கிறது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, மூன்று பேரும் செய்வோம். கூலி அந்தந்த வாரமே தருவேன். விசாவுக்குப் பதில் சொல்லும் தேதிக்கு முன்னால் வந்து பார்த்துவிடு.