இன்சுலின் பம்ப் பொருத்திய பின் வந்த மன உளைச்சல்: என் அனுபவம்

இன்சுலின் பம்ப் என்பது மெல்லிய குழாய் வழியாகத் தோலுக்கடியில் இன்சுலினைச் செலுத்திக்கொண்டே இருக்கும் சிறு கருவி. அதைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள், அடுத்து வலிக்குமா என்று கேட்கிறார்கள். மனம் என்ன பாடுபடும் என்று கேட்டவர் அநேகமாக இல்லை. முதல் வகை நீரிழிவோடு சிங்கப்பூரில் வளர்ந்து, இங்கேயே வேலை பார்க்கும் பெண் என்ற முறையில் அதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

பம்ப் எனக்குப் பெரிய விடுதலையைத் தந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளுக்கு நான்கைந்து முறை ஊசி போட்டுக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்றினால் போதும் என்றானது. ஆனால் பம்பில் விரைவாகச் செயல்படும் இன்சுலின் மட்டுமே இருப்பதால், குழாய் மடங்கினாலோ அடைத்துக்கொண்டாலோ, உடலில் கைகொடுக்க வேறு இன்சுலின் இல்லாமல் சில மணி நேரத்திலேயே சர்க்கரை ஏறி, ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் உண்டாகும் அமிலம்) சேரத் தொடங்கும். இதைத் தெரிந்துகொண்ட மனம் நிம்மதியாகத் தூங்குவதில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டு, குழாயை உடலோடு பிடித்திருக்கும் ஒட்டுப்பட்டையின் ஓரம் மெல்லக் கிளம்பும்; பேருந்துக்கு நிற்கும்போதுகூட கை தானாக இடுப்பைத் தடவிப் பார்க்கும்.

உறவினர்களின் பேச்சு வேறு. ஒரு திருமணத்தில் சேலை மடிப்புக்குள்ளிருந்து குழாய் சற்றே வெளியே தெரிந்துவிட, பெரியம்மா ஒருவர், "மெஷின் வைக்கிற அளவுக்கு முத்திப் போச்சாம்மா?" என்று கண் கலங்கக் கேட்டார். இன்சுலின் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம்பும் தலைமுறை அது. கணையம் இன்சுலினைச் சுரக்காத முதல் வகையில் நோய் கண்ட நாளிலிருந்தே இன்சுலின் தேவை என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். அவர் புரிந்துகொண்டார், ஆனால் அன்று இரவு எனக்கு அழுகை வந்தது.

அடுத்த பரிசோதனையின்போது நீரிழிவுத் தாதி, சர்க்கரை அளவுகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். அதில் 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை 1.25 ஆல் பெருக்கி, 40 அல்லது அதற்கு மேல் வந்தால் நீரிழிவு சார்ந்த உளைச்சல் கடுமையாக உள்ளது என்று கொள்கிறார்கள். சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற பயம், ஓயாத கவனிப்பால் வரும் அலுப்பு, இதில் நான் தனி ஆள் என்ற எண்ணம் எல்லாம் அச்சில் இருந்ததைக் கண்டதே எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த உளைச்சல் மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது என்றும், இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் தேவைப்பட்டால் மனநல ஆலோசகரைப் பார்க்கலாம் என்றும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

பிறகு சில மாற்றங்கள் செய்தோம். சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் என் உணர்கருவியில், உயர் சர்க்கரைக்கான எச்சரிக்கை ஒலி அடிக்கடி எழாதபடி, அது ஒலிக்கத் தொடங்கும் சர்க்கரை எல்லையை மருத்துவர் சொன்ன அளவுக்கு உயர்த்தினோம். தாழ் சர்க்கரைக்கான ஒலியை மட்டும் தொடவில்லை. கைபேசியில் என் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அம்மா, சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் மட்டும் என்னை அழைப்பதாக ஒப்புக்கொண்டார். என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் இதுதான், ஏனென்றால் அதன் பிறகு சாப்பாட்டு மேசையில் நாங்கள் மற்ற விஷயங்களையும் பேசத் தொடங்கினோம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், உடம்பில் எந்நேரமும் ஒரு கருவி இருப்பதைத் தாங்க முடியாமல் மறுபடியும் பேனா ஊசிக்கே போய்விட்டார்; இப்போது நன்றாக இருக்கிறார். அப்படி மாற நினைப்பவர்கள், நீண்ட நேரம் செயல்படும் இன்சுலினை எவ்வளவு, எப்போது தொடங்குவது என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்த பிறகே பம்பைக் கழற்றுங்கள்.