கடல் பனிக்கட்டிக் கணினி மாதிரி: ஒரே நாளில் 16 மீட்டர், அதுவும் இடப்பக்கம் ஓடுகிறது. உதவுங்கள்!

ஐஸ்கச்சாங் (கெலுகோர், பினாங்கு):
வணக்கம். இறுதியாண்டுத் திட்டத்துக்காகப் பைத்தானில் சின்னதாக ஒரு கடல் பனிக்கட்டி மாதிரி எழுதுகிறேன். பினாங்கில் இருந்துகொண்டு இது எதற்கு என்று அம்மா கேட்டாயிற்று, நீங்களும் கேட்காதீர்கள். காற்று −30 டிகிரி, கடல் −1.8. 1 மி.மீ. தடிமனில் தொடங்கி ஒரு நாள் ஓட்டினால் 16.7 மீட்டர் வருகிறது! அப்புறம், 80 டிகிரி வடக்கில் கட்டிகள் காற்றுக்கு இடப்பக்கம் விலகுகின்றன. வலப்பக்கம் அல்லவா போக வேண்டும்? பூமி சுழல்வதால் வரும் விலகலைக் குறிக்கும் கொரியோலிஸ் எண்ணைப் பார்த்தேன், 0.000145. சரியாகத்தான் இருக்கிறது.

பாயான்லெப்பாஸ்காரன்:
வளரும் வேகம் தடிமனுக்கு எதிர்விகிதம். 1 மி.மீ. கட்டி வளரும் வேகத்தை நாள் முழுக்க இழுத்தால் பூதமாகத்தான் வளரும். தடிமனை விட்டுவிட்டு அதன் வர்க்கத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள், ஸ்டெஃபான் சூத்திரம் அதுதான். வெப்பக் கடத்துதிறன் 2.1 என்றால் முதல் நாள் 18 செ.மீ., 100 நாளில் 1.83 மீட்டர்.

ஐஸ்கச்சாங்:
18 வந்துவிட்டது அண்ணே! ஆனால் 1.83 அதிகமாகத் தெரிகிறதே?

பாயான்லெப்பாஸ்காரன்:
மேலே வெண்பனி போட மறந்துவிட்டீர்கள். அதன் கடத்துதிறன் 0.3தான். 20 செ.மீ. வெண்பனி, 1.4 மீட்டர் கட்டிக்குச் சமமான போர்வை. தொடக்கத்திலிருந்தே அது கிடந்தால் 0.9 மீட்டரோடு நின்றுவிடும்.

கடலோடி:
இடப்பக்கப் புதிருக்கு வருகிறேன். கொரியோலிஸ் எண்ணுக்கு அட்சரேகையின் சைன் வேண்டும்; அதற்குள் 80 என்று அப்படியே போட்டீர்களா? பைத்தான் அதை டிகிரியாக அல்ல, ரேடியன் என்ற வேறு கோண அலகாக எடுத்துக்கொள்ளும். வருவது −0.994, வர வேண்டியது 0.985. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், குறி மட்டும் தலைகீழ். அதில்தான் ஏமாந்திருக்கிறீர்கள். நம் பினாங்கின் 5.4 போட்டிருந்தால் அப்போதே மாட்டியிருக்கும்: 0.09 வர வேண்டிய இடத்தில் −0.77 வரும். திருத்தியபின், துருவ ஆய்வாளர் நான்சென் ஃப்ராம் கப்பல் பயணத்தில் (1893–96) கண்ட 20 முதல் 40 டிகிரி வலப்பக்க விலகலோடு ஒப்பிடுங்கள். கட்டிகள் அடர்ந்த இடத்தில் அது பொருந்தாது. அங்கே ஒன்றையொன்று நெருக்கும் விசையும் வேண்டும். கடல் பனிக்கட்டி மாதிரி பற்றிய ஹிப்ளரின் 1979 கட்டுரையைப் படியுங்கள்.

ஐஸ்கச்சாங்:
−0.77 தான் வந்தது! கழித்தல் குறியை வெறும் கோடு என்று விட்டுத்தொலைத்திருக்கிறேன். இப்போது வலப்பக்கம் போகிறது. ஹிப்ளரை அடுத்த வாரம் பார்க்கிறேன். முதலில், 16 மீட்டர் வரைபடத்தை மேற்பார்வையாளருக்கு நேற்றே அனுப்பிவிட்டேன், அதற்கு என்ன செய்வது?