நனையவே கூடாது, பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும்: அப்படி ஒரு கோட் உண்டா?

தூறல்:
ஒரு கோட் வாங்க வேண்டும், பார்க்கப் பார்க்கக் குழப்பம்தான் கூடுகிறது. இலையுதிர் காலம் தொடங்கி குளிர் முடியும்வரை தினமும் போடப் போகிற கோட். நடந்து போய் பஸ் ஏறி ஆபீஸ் போகிறவள் நான், தோளில் லேப்டாப் பை, காற்று அடித்தால் குடை திருப்பிக்கொள்ளும், அதனால் குடையை நம்ப முடியாது. இப்போது வைத்திருக்கும் கோட் பார்வைக்கு அம்சமாகத்தான் இருக்கிறது, லேபிளில் தண்ணீரைத் தாங்கும் என்றும் போட்டிருக்கிறது, ஆனால் நல்ல மழையில் கொஞ்ச தூரம் நடந்தாலே தோள்பட்டையிலும் முதுகின் மேல்பக்கத்திலும் ஈரம் இறங்கிவிடுகிறது.

சரி, நிஜமாகவே நனையாத கோட் என்று தேடினால் மலையேறுகிறவர்களின் ஜாக்கெட்டாக வந்து நிற்கிறது. பளீர் நிறம், இடுப்போடு முடிந்துவிடுகிறது, கையை அசைத்தால் சரக் சரக் என்று சத்தம். எனக்கு முழங்கால் பக்கம் வரை நீளம் வேண்டும், இடுப்பில் கொஞ்சம் வடிவம் வேண்டும், மீட்டிங் அறைக்குள் அப்படியே போனாலும் உறுத்தக் கூடாது. தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு 5,000, 10,000, 20,000 என்று என்னென்னவோ எண்கள் போடுகிறார்கள், எது போதும்? பஞ்சு வைத்ததாக வாங்குவதா, மெல்லிய மழைக்கோட் வாங்கி உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதா? பெல்ட் வைத்த ட்ரெஞ்ச் கோட் மேல் ஒரு கண் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊசிநூல்:
அந்த எண்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் கோட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். துணி பழுதுபார்ப்பது என் வேலை, ஒழுகுகிற மழைக்கோட் நிறைய என் மேசைக்கு வரும். துணி வழியாக ஒழுகியது குறைவு, தையல் வழியாக ஒழுகியதுதான் அதிகம். ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் ஓர் ஓட்டைதானே. அதை அடைக்க உள்பக்கம் தையல் நெடுக ஒரு டேப்பைச் சூடாக்கி ஒட்டுவார்கள். எல்லாத் தையலிலும் ஒட்டியிருக்க வேண்டும். தோளிலும் ஹூடிலும் மட்டும் ஒட்டிவிட்டு "முக்கியமான தையல்கள் டேப் செய்யப்பட்டவை" என்று எழுதுவதும் உண்டு, அது தூறலுக்குத் தாங்கும், மழைக்குத் தாங்காது (உங்களைச் சொல்லவில்லை தூறல்!). லைனிங் வைத்து மூடிவிட்டால் டேப் கண்ணுக்குத் தெரியாது. அப்போது விவரத்தில் எல்லாத் தையலும் டேப் செய்தது என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதவில்லையென்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒட்டியிருந்தால் அதை விளம்பரத்தில் சொல்லாமல் விடமாட்டார்கள்.

பஞ்சு வைத்த கோட்டில் இன்னொரு சிக்கல். பஞ்சு நகராமல் இருக்கக் குறுக்கே வரிவரியாகத் தைத்திருப்பார்கள் இல்லையா, அந்த வரிகள் வெளித்துணியைத் துளைத்துப் போயிருந்தால் துணிக்கு எத்தனை ஆயிரம் எண் இருந்தும் பயனில்லை. வெளித்துணி வழவழவென்று தையலே இல்லாமல் இருந்து, வரித்தையல் உள் லைனிங்கில் மட்டும் இருந்தால் அது வேறு கதை. இறகு வைத்த கோட் என்றால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும், இறகு நனைந்தால் கட்டிக்கொண்டு சூட்டை இழந்துவிடும். செயற்கைப் பஞ்சு அந்த அளவுக்கு மோசமாகாது.

ட்ரெஞ்ச் கோட்டில் தோளில் பட்டி, மார்பில் ஒரு மடிப்பு, இடுப்பில் பெல்ட்டுக்கு வளையம், முன்னால் இரண்டு வரிசை பட்டன் என்று ஊசி போன இடங்கள்தான் அதிகம், பட்டன் துளை என்பதே திறந்து விட்ட ஓட்டை. அழகுக்கு நான் எதிரி இல்லை. வெளியே பட்டன் தெரிய, உள்ளே ஜிப்பும் அதன் மேல் மூடும் மடிப்பும் இருக்கிற மாதிரித் தைத்ததும் உண்டு, அதைத் தேடுங்கள்.

குடைவள்ளல்:
நல்ல கம்பளிக் கோட் ஒன்று, காற்றுக்கு உடையாத குடை ஒன்று. முடிந்தது. கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. இத்தனை ஆராய்ச்சி எதற்கு?

நடராஜா சர்வீஸ்:
@குடைவள்ளல், அவர் கேள்வியின் முதல் பத்தியிலேயே குடை வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். கம்பளி தூறலுக்குச் சரி, தொடர் மழையில் ஊறினால் கனத்துத் தொங்கும், காய மறுநாள் ஆகும், தினமும் ஆபீஸ் போகிறவருக்கு அது உதவாது.

அந்த எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். துணியின் மேல் தண்ணீரை நிறுத்தி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள், மறுபக்கம் மூன்று இடத்தில் துளி கசியும்போது எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தமோ அதுதான் அந்த எண், மில்லிமீட்டரில். 10,000 என்றால் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் துணி தாங்கியது என்று அர்த்தம். மழைத்துளிக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது, அதனால் 1,500 தாண்டினாலே வாட்டர்ப்ரூஃப் என்று விற்கிறவர்கள் உண்டு. ஆனால் பை வார் தோளை அழுத்துகிற இடம், ஈர இருக்கையில் உட்காருகிற இடம், இங்கெல்லாம் அழுத்தம் பல மடங்கு ஏறும். உங்களுக்குத் தோளில்தான் முதலில் ஈரம் இறங்குகிறது என்றீர்களே, பை வார் அங்கேதானே அழுத்துகிறது? நகரத்தில் நடக்க 10,000 போதும். 20,000 இருந்தால் நல்லது, அதற்காக அழகான கோட்டை விட்டுவிட வேண்டாம்.

இரண்டாவதாக ஓர் எண் இருக்கும், 24 மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டர் துணி வழியாக எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பது. வேகமாக நடந்து பஸ் பிடிக்கிறவருக்கு இதுவும் முக்கியம். முழுக்க ரப்பர் மாதிரிப் பூச்சு பூசிய கோட்டில் மழை வராது, உங்கள் வியர்வையே உள்ளே மழையாகும். 5,000 கிராமுக்குக் கீழே என்றால் நான் அக்குளில் காற்றுத் துளையோ முதுகில் மடிப்புக்கு அடியில் திறப்போ இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. புதுக் கோட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதே, அது வெளித்துணியின் மேல் இருக்கும் பூச்சின் வேலை, நனையாமல் காப்பது அதற்கு அடியில் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய படலம். பூச்சு தேய்ந்தால் வெளித்துணி ஊறிப்போகும், ஊறிய துணி வழியே நீராவி வெளியேறாது, உள்ளே சில்லென்று ஈரமாகும், நாமும் கோட் ஒழுகுகிறது என்று தூக்கிப் போடுவோம். பாதிக் கோட்டுகளுக்குத் துவைத்தாலே உயிர் வந்துவிடும். சாஃப்ட்னர் கூடவே கூடாது, சோப்பு மிச்சமில்லாமல் இரண்டு முறை அலச வேண்டும், லேபிள் அனுமதித்தால் காய்ந்த பிறகு டிரையரில் குறைந்த சூட்டில் 20 நிமிடம் சுற்ற வேண்டும், அந்தச் சூட்டில் பூச்சு மறுபடி வேலை செய்யத் தொடங்கும். அதற்கும் தண்ணீர் உருளவில்லையென்றால் ஸ்ப்ரே விற்கிறது.

இப்போது வரும் கோட்டுகளில் பலவற்றில் பழைய ஃபுளோரின் பூச்சு கிடையாது. கலிஃபோர்னியாவில் 2025-லும் பிரான்ஸில் 2026-லும் துணிகளில் அந்த வேதிப்பொருள்களுக்குத் தடை வந்துவிட்டது, சில விதிவிலக்குகளோடு. புதுப் பூச்சு தண்ணீரைத் தள்ளும், எண்ணெய்ப் பிசுக்கைத் தள்ளாது. கழுத்துப் பட்டியிலும் கைமுனையிலும் சீக்கிரம் ஊறத் தொடங்கும், அதனால் அடிக்கடி துவைப்பதைத் தவிர்க்க முடியாது.

பழையபெட்டி:
ட்ரெஞ்ச் கோட் பிரியை என்ற முறையில் ஒரு வார்த்தை. தாமஸ் பர்பெரி 1879-இல் கொண்டுவந்த கேபர்டீன் நெருக்கமாக நெய்த துணி, நூலுக்கே நீர்விலக்குப் பக்குவம் செய்தது. அன்றைக்கு அது பெரிய விஷயம், காற்றோட்டமாக இருந்தது, தூறலைத் தாங்கியது. ஆனால் உள்ளே மெம்பிரேன் கிடையாது, டேப் கிடையாது. இன்றைக்கும் பருத்தி ட்ரெஞ்ச் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் கொட்டுகிற மழைக்கு இல்லை.

நிஜமாகவே நனையாததும் அழகானதும் வேண்டுமென்றால் மெக்கின்டாஷ் வகை ஒன்று இருக்கிறது, சார்ல்ஸ் மெக்கின்டாஷ் 1823-இல் காப்புரிமை வாங்கிய முறை, இரண்டு துணிக்கு நடுவே ரப்பர். விறைப்பாக நின்று, வெட்டு அவ்வளவு சுத்தமாக விழும், எனக்கு அதுதான் உலகத்திலேயே அழகான மழைக்கோட். காற்றோட்டம்? அதைக் கேட்காதீர்கள். மெழுகு பூசிய பருத்தியும் பார்த்திருப்பீர்கள், மெஷினில் துவைக்க முடியாது, அவ்வப்போது மெழுகு ஏற்ற வேண்டும், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் வெள்ளைச் சட்டையை நினைத்துப் பயந்துகொண்டே உட்கார வேண்டும்.

தூறல்:
எல்லோருக்கும் நன்றி, குடைவள்ளலுக்கும் சேர்த்துத்தான். இரண்டு கோட் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 10,000, எல்லாத் தையலும் டேப், கறுப்பு, நேர்வெட்டு, ஹூட் கோட்டோடு சேர்த்துத் தைத்தது, பஞ்சு இல்லை. இன்னொன்று 5,000, டேப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, ஆனால் ஒட்டக நிறம், இடுப்பில் அழகாகப் பிடித்திருக்கிறது, ஹூடைக் கழற்றலாம், உள்ளே செயற்கைப் பஞ்சு. மனசு இரண்டாவதில் இருக்கிறது. முதலாவதை வாங்கி இடுப்பில் கொஞ்சம் பிடித்துத் தைத்துக்கொள்ளலாமா?

ஊசிநூல்:
தைக்கக் கொடுத்துவிடாதீர்கள்! டேப் ஒட்டிய கோட்டில் புதிதாக ஊசி இறக்கினால் காசு கொடுத்து ஓட்டை போட்டது ஆகும். கை நீளத்தைக் குறைப்பதும் அப்படித்தான், அளவு பார்த்தே வாங்குங்கள். இடுப்பு வடிவத்துக்கு உள்பக்கமாக இழுக்கிற நாடா வைத்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் தனியாக ஒரு பெல்ட்டை மேலே கட்டிக்கொள்ளுங்கள், வளையம் தைக்கத் தேவையே இல்லை.

உங்கள் தேவைக்கு முதலாவதுதான். இரண்டாவது வறண்ட குளிருக்கு அருமையான கோட், மழைக்கு இப்போது இருக்கிற கோட்டின் அக்கா. கழற்றும் ஹூடில் கழுத்தைச் சுற்றி இருக்கிற பட்டன் இடைவெளி வழியாகத் தண்ணீர் நேராக முதுகுக்கு இறங்கும், முதுகின் மேல்பக்கம் நனைகிறது என்றீர்களே, இப்போது இருப்பதும் அந்த வகையா என்று பாருங்கள்.

வாங்குமுன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள், இரண்டு கையையும் முன்னால் நீட்டினால் முதுகு இழுக்கக் கூடாது. குளிர்காலத்துக்குச் சூட்டை உள்ளே போடுகிற ஸ்வெட்டரோ மெல்லிய பஞ்சு ஜாக்கெட்டோ பார்த்துக்கொள்ளும், இலையுதிர் காலத்தில் அதைக் கழற்றிவிடலாம், ஒரே கோட் இரண்டு பருவத்துக்கும் ஆகும். ஹூடைப் போட்டுத் தலையைத் திருப்புங்கள், ஹூடும் கூடவே திரும்ப வேண்டும், நெற்றிக்கு மேல் சின்ன விளிம்பு இருந்தால் கண்ணாடி போடுகிறவர்களுக்கு நிம்மதி. பாக்கெட்டுக்கு மேல் மூடி வேண்டும், மேல்பக்கம் திறந்த பாக்கெட்டில் தண்ணீர் தேங்கிப் போனும் குளிக்கும். ஜிப் கீழிருந்தும் திறக்கிற இருவழி ஜிப்பாக இருந்தால் பஸ்ஸில் உட்கார வசதி, நீளக் கோட்டுக்கு அது ரொம்பவே தேவை. லைனிங் கோட்டின் அடி விளிம்பு வரை வந்து வெளியே எட்டிப் பார்த்தால் வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும்.

நடராஜா சர்வீஸ்:
கறுப்பு அலுப்பாக இருந்தால் அதே கோட்டில் அடர் பச்சையோ கடல் நீலமோ இருக்கிறதா பாருங்கள். பளபளக்காத மேல்துணியாக இருந்தால் யாருக்கும் மழைக்கோட் என்றே தோன்றாது. தள்ளுபடியில் வந்த பழைய சரக்கு என்றால் மட்டும் உள்பக்கத்தை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு, கோட்டை அணியாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் காலப்போக்கில் ஈரக்காற்றில் சிதைந்து பிசுபிசுக்கும், உரியும், அப்படி உரிந்ததற்கு வைத்தியம் இல்லை.

தூறல்:
அடர் பச்சை இருக்கிறது! பாக்கெட் மூடி இருக்கிறது, இருவழி ஜிப்பும் இருக்கிறது, உள்ளே நாடா இருக்கிறதா என்று மட்டும் படத்தில் தெரியவில்லை. நேரில் ஸ்வெட்டரோடு போய் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்கிறேன். இப்போது இருக்கிற கோட்டின் ஹூடையும் பார்த்தேன், ஊசிநூல் சொன்னது சரிதான், கழற்றுகிற வகைதான், பட்டனுக்குப் பட்டன் விரல் நுழைகிற இடைவெளி.