இன்னொரு /22 வேண்டும், 90 விழுக்காடு விதி தடுக்கிறது. விதியை மாற்ற யார் முன்மொழியலாம்?

மொக்கா_வயர்லெஸ் (கேள்வி)

வணக்கம். மொரிஷியஸில் ரோஸ்ஹில், மொக்கா பக்கம் வயர்லெஸ் இணைப்பு கொடுக்கும் சின்ன ஐஎஸ்பி (இணைய சேவை நிறுவனம்). ரீயூனியனிலும் சில வணிக வாடிக்கையாளர்கள் உண்டு. கையில் இருப்பது, ஆப்பிரிக்கப் பிராந்தியத்துக்கு இணைய முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் ஆஃப்ரினிக் ஒதுக்கிய ஒரே ஒரு /22, அதாவது 1024 ஐபிவி4 முகவரி. எக்செல் கணக்கின்படி 870 போய்விட்டது, ஏறக்குறைய 85 விழுக்காடு. இன்னொரு /22 கேட்கலாம் என்று கொள்கைக் கையேட்டைப் புரட்டினால், முன்பு வாங்கியதில் 90 விழுக்காடு பயன்பட்டிருக்க வேண்டும் என்கிறது. கேள்வி மூன்று:

ரீயூனியன் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது "பிராந்தியத்துக்கு வெளியே" என்று கணக்காகுமா? 90-ஐ எட்டும் வழி என்ன? 90-ஐ 80 ஆக்கச் சொல்லி நாமே முன்மொழிவு போட முடியுமா, அதற்கு எத்தனை ஓட்டு வேண்டும்?

பிஜிபி தம்பி

ரீயூனியனைப் பற்றிக் கவலை வேண்டாம். அது பிரான்சின் பகுதிதான் என்றாலும் எண் வளக் கணக்கில் மயோட்டைப் போல ஆஃப்ரினிக் எல்லைக்குள் வருகிறது. வெளியே பயன்படுத்துவதற்குத்தான் நிபந்தனை: ஆப்பிரிக்கப் பிராந்தியத்தோடு இணைப்பு தருவதற்காக மட்டுமே இருக்க வேண்டும்.

90 விழுக்காடு என்றால் 921.6, ஆகவே 922 முகவரி. உங்களுக்குக் குறைவது 52. அந்த 870-ஐ எப்படி எண்ணினீர்கள்? பிங் போட்டு, பதில் வந்ததை எண்ணினீர்களா, சப்நெட்டாக (முகவரித் தொகுதியாக) எண்ணினீர்களா? சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் ஒன்று கூடக் கூட முகவரி பாதியாகும். /29 வாங்கிய வாடிக்கையாளர் மூன்று கருவிகளைத்தான் மாட்டியிருப்பார், ஆனால் உங்கள் கையை விட்டுப் போனது எட்டு முகவரி. தேவை நியாயமானதாக இருந்தால் எட்டும் கணக்கில் சேரும். ஒரு முகவரி போதும் என்பவருக்கு /29 கொடுத்திருந்தால் மதிப்பீட்டில் கேள்வி வரும், அதை மறைக்க வழியில்லை.

அடுத்தது ஹூயிஸ், அதாவது எந்த முகவரி யாரிடம் என்று காட்டும் ஆஃப்ரினிக்கின் பொதுப் பதிவேடு. எக்செல் உங்களுக்கு, ஹூயிஸ் அவர்களுக்கு. பதிவாகாத முகவரி பயன்படாத முகவரியாகத்தான் தெரியும். /29-களுக்குத் தனித்தனியாக "அசைன்ட் பிஏ" (பயனருக்குக் கொடுத்தாயிற்று என்று காட்டும்) பதிவு வேண்டும். வீட்டு இணைப்புகளின் டைனமிக் பூலுக்கு (மாறி மாறிக் கொடுக்கும் முகவரித் தொகுப்புக்கு) ஒரே பதிவு போதும், கோபுர இணைப்புகளுக்கும் லூப்பேக்குகளுக்கும் (ரூட்டர்களின் சொந்த முகவரிகளுக்கும்) சேர்த்து இன்னொன்று. பலர் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில். ஒன்று, /22 முழுவதையும் ஒரே அசைன்ட் பதிவாகப் போடப் பார்ப்பது. அதே வரம்பில் ஒதுக்கீட்டுப் பதிவு ஏற்கெனவே நிற்பதால் இது ஏறாது, குறைந்தது இரண்டு /23 ஆகப் பிரியுங்கள். இரண்டு, ஒதுக்கீட்டுப் பதிவில், உள்ளே பதிவு போட யாருக்கு அனுமதி என்று சொல்லும் "எம்என்டி-லோயர்" வரியில் உங்கள் மெயின்டெய்னர் (பதிவுகளைத் திருத்தும் கணக்கு) இல்லாமல் இருப்பது. அப்படியென்றால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் அங்கீகாரம் தவறியது என்றே பதில் வரும்.

இதைச் செய்யாமல் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் (முகவரியிலிருந்து பெயரைக் கண்டறியும் வசதி) கிடைக்காது. அந்த /24-க்குள் ஒரு அசைன்மென்ட்டாவது பதிவாகியிருக்க வேண்டும்.

தேவை மதிப்பீட்டை எட்டு மாதத்துக்கு எழுதுங்கள். பழைய பழக்கத்தில் பன்னிரண்டு மாதம் எழுதிவிடுவார்கள். 2020 ஜனவரியில், ஐபிவி4 கையிருப்பு தீர்ந்துவரும் காலத்துக்கான கொள்கையின் (சாஃப்ட் லேண்டிங்) இரண்டாம் கட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைக்கு அதிகபட்சம் /22, குறைந்தபட்சம் /24.

எபேன்_பழையவர்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். முன்மொழிய உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. கொள்கை மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்த எவரும் எழுதலாம், மாணவராக இருந்தாலும் சரி. இயக்குநர் குழுத் தேர்தல் வேறு விஷயம், அங்கே வளம் வைத்திருக்கும் உறுப்பினருக்கே ஓட்டு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

வார்ப்புருவில் முதலில் பிரச்சினை என்ன, பிறகு முன்மொழிவு அதை எப்படித் தீர்க்கிறது, அப்புறம்தான் கையேட்டின் எந்தப் பிரிவில் எந்த வாசகம் மாறுகிறது என்பது. பழைய வாசகத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பொதுக் கொள்கைக் கூட்டத்துக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பே வரைவு பட்டியலில் இருக்க வேண்டும். கடைசி ஒரு வாரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஆகவே முதல் வரைவை நான்காவது வாரத்தில் போடுவது தற்கொலை. மூன்று மாதம் முன்பே போட்டால்தான் எதிர்ப்புகளைக் கேட்டுத் திருத்த இடமிருக்கும்.

ஓட்டு கிடையாது. இரண்டு இணைத் தலைவர்கள் ஏறத்தாழ ஒத்த கருத்து இருக்கிறதா என்று தீர்மானிப்பார்கள். நாற்பது பேர் "+1" (ஆதரிக்கிறேன்) என்று அனுப்பினாலும், காரணத்தோடு வந்த ஒரே ஒரு எதிர்ப்புக்குப் பதில் சொல்லப்படாமல் கிடந்தால் ஒத்த கருத்து இல்லை. எதிர்த்தவர் மனம் மாற வேண்டும் என்பதில்லை, அவர் சொன்னது பரிசீலிக்கப்பட்டு பதில் பெற்றிருக்க வேண்டும். இணையத் தொழில்நுட்ப ஆவணமான ஆர்எஃப்சி 7282-இல் இந்த வேறுபாடு நன்றாக விளக்கப்பட்டிருக்கிறது. ஆள் சேர்த்து அனுப்பும் மின்னஞ்சல்கள் தலைவர்களுக்கு எரிச்சலைத்தான் தரும்.

கூட்டத்தில் தேறினால் குறைந்தது இரண்டு வாரம் இறுதி அழைப்பு, பிறகு இயக்குநர் குழு ஒப்புதல், இறுதி அழைப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் நடைமுறை. தலைவர்களின் முடிவு தவறு என்று தோன்றினால் இரண்டு வாரத்துக்குள் மேல்முறையீடு. ஓராண்டில் நிறைவேறாத வரைவு தானாகக் காலாவதியாகும், திருத்திய பதிப்பு போட்டால் கடிகாரம் மறுபடி ஓடும்.

ஒப்புதல் தர ஒரு குழு இருக்க வேண்டும் என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2022-இல் ஆஃப்ரினிக் இயக்குநர் குழு முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கையை (கோரம்) இழந்தது, 2023 செப்டம்பரில் இங்கே மொரிஷியஸ் உச்ச நீதிமன்றம் ரிசீவரை (நிறுவனத்தைத் தற்காலிகமாகக் கவனிக்கும் பொறுப்பாளரை) நியமித்தது, தேர்தல் முடிந்து புதிய குழு வந்தது 2025 செப்டம்பரில். இடைப்பட்ட காலத்தில் பட்டியலில் எவ்வளவு ஒத்த கருத்து இருந்தாலும் கையொப்பமிட ஆளில்லை.

கட்டணம், டிக்கெட்டுக்குப் பதில் வரும் வேகம் இவற்றையும் வரைவில் சேர்க்க நினைத்தால் விட்டுவிடுங்கள். அவை நிர்வாகம், கொள்கை அல்ல.

டர்பன்_ரூட்டர்

வழிமுறை சரி. ஆனால் 80 விழுக்காடு யோசனை தேறாது என்பது என் கணிப்பு. இப்போது எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை, 90 விழுக்காடுதான் ஒரே மதகு. அதை 80 ஆக்கினால் 820 முகவரி போனவரெல்லாம் அடுத்த /22-க்கு வந்து நிற்பார். 2011 பிப்ரவரியில், உலக அளவில் முகவரிகளைப் பகிரும் ஐயானாவின் கையிருப்பு தீர்ந்துவிட்டது, மேலிருந்து இனி வராது. முதல் எதிர்ப்பு இதுவாகத்தான் இருக்கும். பதில் இருக்கிறதா?

வேறு பிராந்தியத்தில் விலைக்கு வாங்கிக் கொண்டுவரலாம் என்றால் அதற்கும் கொள்கை இல்லை. பரிமாற்றம் ஆப்பிரிக்கப் பிராந்தியத்துக்குள் மட்டும்தான், வாங்குபவர் தேவையையும் நிரூபிக்க வேண்டும்.

டைனமிக் பூலை சிஜிநாட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறைக்கு) மாற்றினீர்களா? ஒரு பொது முகவரியில் 1024-இலிருந்து மேலே 64,512 போர்ட் (இணைப்புகளைப் பிரித்தறியும் எண்). வாடிக்கையாளருக்கு 1024 போர்ட் என்று தொகுதியாகக் கொடுத்தால் 63 பேர், 512 என்றால் 126. ஆனால் 512-இல் ஒரு வீட்டில் நான்கைந்து போனும் டிவியும் ஓடினால் பக்கங்கள் பாதியில் நிற்கும், புகார் வரும். உள்ளே 100.64.0.0/10 போடுங்கள், 10.0.0.0/8 போட்டால் வாடிக்கையாளரின் சொந்த ரூட்டரோடு மோதும். கூடவே ஐபிவி6 (புதிய தலைமுறை முகவரி) /32 வாங்கிவிடுங்கள். அதில் /56 தொகுதி மட்டும் 1,67,77,216 இருக்கிறது, சிஜிநாட் மீதான சுமையும் குறையும்.

மொக்கா_வயர்லெஸ்

நன்றி. சரிபார்த்தேன். பிங் கணக்குதான். ஒன்பது வாடிக்கையாளர்களுக்கு /29, ஒவ்வொன்றையும் மூன்றாக எண்ணியிருக்கிறேன். கோபுரங்களுக்கு நடுவே நான்கு /30 இணைப்பு, ஒவ்வொன்றும் இரண்டாக.

பிஜிபி தம்பி

ஒன்பது /29-இல் விட்டுப்போனது 45, நான்கு /30-இல் 8. 870 உடன் சேர்த்தால் 923. வேண்டியது 922!

ஒரு வேடிக்கை பாருங்கள்: அந்த நான்கு இணைப்புகளையும் ஒழுங்காக /31 (இரண்டு முகவரி) ஆக மாற்றி எட்டு முகவரி மிச்சம் பிடித்தால் நீங்கள் 915-க்கு இறங்கிவிடுவீர்கள். மிச்சம் பிடிப்பவர் வரிசையில் பின்னால் போகிறார். முன்மொழிவு எழுதத்தான் வேண்டும் என்றால் 80-ஐ விட்டுவிட்டு இந்த எண்ணும் முறையைப் பிரச்சினையாக எழுதுங்கள். டர்பன்காரர் சொன்ன எதிர்ப்பு இதற்குப் பொருந்தாது.

விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மதிப்பீடு முடியும் முன் ஒரே ஒரு /29 வாடிக்கையாளர் விலகினாலும் அதே 915 தான்.